தங்கம் எங்கே போச்சு?

குட்டீஸ்! விழுப்புரம் மாவட்டத்தில் இரும்பை என்று ஓர் ஊர் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். அதற்குப் பக்கத்தில்தான் ஆரோவில். அங்கே மாபெரும் தங்கப் பந்து ஒன்று நிற்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? அதுதான் மாத்ரி மந்திர். உயரம் சுமார் 29 மீட்டர். 1971-ல் அடிக்கல் நாட்டி, 2008-ல் கட்டி முடித்தார்கள். அதன் வெளிப்புறம் முழுக்கத் தங்க ரேக்கு பதித்த வட்டத் தட்டுகள்!

பள்ளிச் சுற்றுலா போகிறீர்கள். உச்சி வெயில். செல்போனில் ஒரு படம் எடுக்கிறீர்கள். பார்த்தால், வெயில் பட்டுத் தெறிக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைத் திட்டு! தங்கம் எங்கே போச்சு?

குட்டிக் கிணறுகள்

கேமராவுக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அதில் லட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கிணறு மாதிரி. ஒளி பட்டதும் அதில் மின்னூட்டம் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்று அளந்துதான் கேமரா படம் தயாரிக்கிறது.

மழைக்காலத்தில் உங்கள் ஊர் ஏரியைக் கவனியுங்கள். நிரம்பியதும் தண்ணீர் கலிங்கு வழியாக வழிந்து ஓடிவிடும். அதற்குப் பிறகு ஏரியின் மட்டத்தைப் பார்த்து, எவ்வளவு மழை பெய்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. கேமராக் கிணறும் அப்படித்தான். நிரம்பிவிட்டால், வந்த ஒளி இரண்டு மடங்கா, நூறு மடங்கா என்று அதற்குத் தெரியாது.

கிணறுகளில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வகை உண்டு. தங்கம் சிவப்பு ஒளியை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் திருப்பி அனுப்பும். எனவே முதலில் சிவப்பு நிரம்பும். அடுத்து பச்சை. அப்போது தங்க நிறம் எலுமிச்சை மஞ்சளாகிவிடும். கடைசியில் நீலமும் நிரம்பினால் வெறும் வெள்ளைதான்!

கிராபிக்ஸ்காரருக்குத் தலைவலி

செல்போன் படம் வெளுத்தால் பரவாயில்லை. சினிமாவில்? ஒரு கணக்குப் போடலாம், வாங்க.

வெள்ளைத் தாளின் வெளிச்சம் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கத்தில் தெறிக்கும் வெயில் 100. கேமரா வேகமாகத் திரும்பியதுபோல அந்தப் புள்ளியை 20 கட்டங்களுக்கு இழுத்துவிட வேண்டும். 100-ஐ 20-ஆல் வகுத்தால் 5. தாளைவிடப் பிரகாசமான ஒளிக்கோடு கிடைக்கும். ஆனால், கேமரா 1-லேயே நிரம்பி நின்றிருந்தால்? 1-ஐ 20-ஆல் வகுத்தால் 0.05. கோடே காணாமல் போய்விடும்! பார்ப்பவர்கள், "இது கிராபிக்ஸ்தான்" என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்தக் காலப் பிலிம் சுருளில் இந்த வெளுப்பு மெல்ல மெல்லத்தான் வரும். டிஜிட்டலில் கிணறு நிரம்பினால் சட்டென்று வெட்டியதுபோல நின்றுவிடும்.

எப்படிச் சமாளிக்கிறார்கள்?

2010-ல் வந்த 'ஆரி அலெக்ஸா' கேமரா, ஒவ்வொரு கிணற்றையும் ஒரே நேரத்தில் இரண்டு விதமாக அளக்கிறது. இருட்டான பகுதிக்கு ஓர் அளவு, பிரகாசமான பகுதிக்கு இன்னோர் அளவு. பிறகு இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. ஒளி இரட்டிப்பாவதை 'ஸ்டாப்' என்பார்கள். அந்தக் கேமரா சுமார் 14 ஸ்டாப் தாங்கும். அதாவது 2-ஐ 14 முறை பெருக்கினால் வரும் 16,384 மடங்கு! 2022-ல் வந்த 'அலெக்ஸா 35' கேமராவுக்கு 17 ஸ்டாப். எத்தனை மடங்கு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

ஒளிப்பதிவாளரும் சும்மா இருப்பதில்லை. கேமராவுக்குக் கூலிங் கிளாஸ் போடுவதுபோல, லென்ஸின் முன்னால் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி மாட்டுவார். ஒளியை ரொம்பக் குறைத்துவிட்டால், நிழலில் இருக்கும் முகம் புள்ளி புள்ளியாகிவிடும். எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று அவர்தான் அங்கேயே முடிவு செய்ய வேண்டும்.

சூரியன் நேராகத் தெரிந்தால் எந்தக் கேமராக் கிணறும் நிரம்பிவிடும். அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. கண்ணாடிபோலப் பளபளக்கும் உலோகப் பந்து ஒன்றைப் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் வைப்பார்கள். அதைக் குறைந்த ஒளியில் ஒன்று, கூடுதல் ஒளியில் ஒன்று எனப் பல படங்கள் எடுத்து இணைப்பார்கள். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்ற கணக்கு கிடைத்துவிடும். 1998-ல் அமெரிக்க ஆய்வாளர் பால் டெபவெக் விளக்கிய வழி இது. கம்ப்யூட்டரில் வரைந்த ரோபோவின் தலையிலும் வெயில் சரியான இடத்தில் மின்னுவது இப்படித்தான்.

செய்து பாருங்கள்!

பித்தளைச் செம்பு ஒன்றை வெயிலில் வையுங்கள். முதலில் செல்போனில் சாதாரணமாக ஒரு படம் எடுங்கள். அடுத்து, திரையில் மின்னும் இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்து ஒன்று எடுங்கள். வெள்ளைத் திட்டு சுருங்கி, பித்தளை நிறம் எட்டிப் பார்க்கும். இப்போது முதல் படத்தை எடுத்துக் கணினியில் எவ்வளவு கறுப்பாக்கினாலும், அந்தத் திட்டு சாம்பல் நிறமாகுமே தவிர, பித்தளையாகாது. வழிந்தது வழிந்ததுதான்!

ஆனால் ஒன்று: சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. செல்போனையும் அதை நோக்கித் திருப்பாதீர்கள். சரியா, குட்டீஸ்?