கதை எழுத ஆசையா? முதல்ல ஆத்தைப் பாருங்க!

காஞ்சீபுரம்,

"பேனாவை எடுத்தா ஒரு வரி கூட வரமாட்டேங்குதே!" எழுத ஆசைப்படும் இளைஞர்கள் பலரும் சொல்லும் புகார் இது.

அதற்கு வழி காஞ்சீபுரம் குமரகோட்டத்திலேயே இருக்கிறது! அந்த முருகன் கோவில் அர்ச்சகர் கச்சியப்ப சிவாச்சாரியார்தான் கந்தபுராணம் பாடியவர். மொத்தம் 10,345 பாட்டு! அதை அரங்கேற்றிய மண்டபம் இன்றும் அங்கே உள்ளது.

முருகன் கதையைத் தொடங்குமுன் அவர் என்ன செய்தார் தெரியுமா? மழையை, பாலாற்று வெள்ளத்தை, வயலை, ஊரைப் பாடினார். பிறகுதான் கதை!

இரவில் பூட்டு

தினம் 100 பாட்டு எழுதி, இரவில் சன்னதியில் வைத்துப் பூட்டுவாராம். காலையில் முருகனே திருத்தி வைத்திருப்பான் என்பது ஐதீகம்.

நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும். எழுதியதை ராத்திரி மூடி வைத்து, விடிந்ததும் தெளிந்த மனசோடு படித்தால் பிழை தானே தெரியும்!

அவர் பாடிய பாலாறு இன்று பெரும்பாலும் வெறும் மணல்தான். இருந்தாலும் கரையில் அரை மணி நேரம் பேசாமல் உட்காருங்கள். காற்று, கொக்கு, காதில் விழும் சத்தம் எல்லாவற்றையும் கவனியுங்கள்.

"இங்கே ஓடின தண்ணி எங்கே போச்சு?" என்று மனசு கேட்கும். அதிலிருந்தே எழுதத் தொடங்கலாம்!