'2500' என்று அச்சிட்டிருந்தால் போதுமா? நிலத்தடியில் கேபிள் இழுக்கும் பாலியஸ்டர் டேப்பை எப்படித் தேர்வு செய்வது?

மைசூருவில் தசரா நெருங்கும்போது அரண்மனையில் தொடங்கி கே.ஆர். சர்க்கிள், சயாஜி ராவ் சாலை வழியாக பன்னிமண்டபம் வரை, சுமார் 5 கிலோமீட்டர் ஜம்பு சவாரி பாதையில் மரக்கிளைகளைக் கழிப்பார்கள். யானையின் மேல் தங்க அம்பாரி. அந்த உயரத்தில் கிளையும் இருக்கக் கூடாது, ஒயரும் தொங்கக் கூடாது. மற்ற நாட்களில் நிலைமை வேறு. ஏப்ரல், மே மாதங்களில் வரும் கோடை மழைக்கு மரம் சாயும், கூடவே ஒயரும் போகும். அதனால்தான் மின்சாரமோ இன்டர்நெட்டோ சிசிடிவியோ, 'கேபிளை மண்ணுக்கு அடியில் போட்டுடலாமே' என்ற பேச்சு அபார்ட்மென்ட் சங்கக் கூட்டம் வரை வந்துவிட்டது.

மண்ணுக்கு அடியில் போடுவது என்றால் முதலில் பைப், பிறகு கேபிள். அந்தக் கேபிளை ஒரு சேம்பரிலிருந்து அடுத்த சேம்பருக்கு இழுத்துக் கொண்டுவர ஏதாவது ஒன்று வேண்டும். ஜி.ஐ. கம்பி, நைலான் கயிறு, கையில் கிடைத்த பிளாஸ்டிக் கயிறு என்று எல்லாவற்றையும் பயன்படுத்துகிறார்கள். இதற்கென்றே நெய்யப்படும் தட்டையான பாலியஸ்டர் டேப் இப்போது ஆன்லைனிலும் எளிதாகக் கிடைக்கிறது. அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை அகலம். பார்த்தால் சாதாரண நாடா மாதிரிதான் இருக்கும்.

தவறான டேப்பை வாங்கினால் பாதி வழியில் கேபிள் சிக்கிக்கொள்ளும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். அது பணம் சம்பந்தப்பட்டது. இழுவையில் இருக்கும் டேப் அறுந்து எதிரே நிற்பவரின் முகத்தில் அடிப்பது வேறு கதை.

ஏன் பாலியஸ்டர், ஏன் தட்டை?

காரில் நீங்கள் போடும் சீட் பெல்ட் இதே குடும்பம்தான். பாலியஸ்டர் இழை அதிகம் நீளாது. நைலான் நீளும், தண்ணீரும் குடிக்கும். நீளும் கயிறு ரப்பர் பேண்ட் மாதிரி. இழுக்க இழுக்க சக்தியைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அறுந்தால் மொத்தத்தையும் ஒரே நொடியில் திருப்பித் தரும். தவிர, கேபிள் சீராக நகராமல் நின்று நின்று துள்ளும்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு சுமார் 165 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பாலியஸ்டர் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். பைப்புக்குள்ளே அவ்வளவு சூடு எங்கே வரும்னு கேட்கலாம். வளைவில் வரும். கயிறு ஒரே இடத்தில் உரசிக்கொண்டே போனால் அந்தப் புள்ளி கொதிக்கும். பி.வி.சி. எல்போ அதற்கு வெகு முன்னரே இளகிவிடும். மெல்லிய உருண்டைக் கயிறு ரம்பம் மாதிரி எல்போவின் உள்சுவரை அறுத்துப் பள்ளமாக்கும், கேபிள் அங்கே போய் மாட்டிக்கொள்ளும். தட்டையான டேப் அதே அழுத்தத்தை அகலமாகப் பரப்புகிறது. நல்ல டேப்பில் உற்பத்தியின்போதே வழவழப்புப் பூச்சும் கொடுத்திருப்பார்கள்.

1912 முதல் பட்டு நெய்யும் ஆலை உள்ள ஊர்க்காரர்களுக்கு நெசவின் நெருக்கத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்லத் தெரியும். இங்கேயும் அதே சோதனை செல்லும். ஓரம் பிசிறாமல், விரலால் விலக்கினால் இடைவெளி விடாமல் இருக்க வேண்டும்.

அந்த எண் எதைச் சொல்கிறது?

விற்பனைப் பக்கங்களில் '1250', '1800', '2500', '6000' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அலகு சின்ன எழுத்தில் இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. அமெரிக்க வழக்கப்படி அவை பவுண்டு. 1250 பவுண்டு என்றால் சுமார் 567 கிலோ. 1800 என்பது 816 கிலோ, 2500 என்பது 1,134 கிலோ, 6000 என்பது 2,722 கிலோ. 2500-ஐ கிலோ என்று நினைத்து வாங்கினால், நீங்கள் நம்பியதில் பாதிகூட உங்கள் கையில் இல்லை.

அடுத்த விஷயம், அது டேப் அறுந்துபோகும் அளவு. வேலை செய்ய வேண்டிய அளவு கிடையாது. அதுவும் புது டேப்பை, முடிச்சு இல்லாமல், ஆய்வகத்தில் நேராக இழுத்தால் கிடைக்கும் எண். முடிச்சுப் போட்டால் பலம் பாதியாகக்கூடக் குறையலாம். ஆக 2500 டேப்பை முடிச்சோடு கணக்கிடும்போது 567 கிலோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுக்கு, தசராவின் தங்க அம்பாரி சுமார் 750 கிலோ.

உங்கள் வேலைக்கு எவ்வளவு வேண்டும்?

இங்கேதான் பலரும் கேபிளின் எடையை மட்டும் பார்க்கிறார்கள். எடையைவிட வளைவுகள் பெரிய வில்லன். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். மீட்டருக்கு 3 கிலோ எடையுள்ள மின் கேபிள், 100 மீட்டர் பைப், இரண்டு 90 டிகிரி வளைவு. உராய்வுக் கெழு 0.35 என்று எடுத்துக்கொள்வோம். டிரம்மில் இருந்து கேபிள் கழன்று வர 10 கிலோ இழுவை.

நேரான பகுதிக்குத் தேவை 300 கிலோவின் 0.35 பங்கு, அதாவது 105 கிலோ. வளைவு கூட்டாது, பெருக்கும். இந்த உராய்வில் ஒவ்வொரு 90 டிகிரி வளைவும் அதற்கு முன்பு சேர்ந்த இழுவையைச் சுமார் 1.73 மடங்காக்கும். இரண்டு வளைவுக்கு 3 மடங்கு, நான்கு வளைவு என்றால் 9 மடங்கு.

இப்போது கவனியுங்கள். இரண்டு வளைவுகளும் நீங்கள் இழுக்கும் முனையில் இருந்தால், 10-உம் 105-உம் சேர்ந்த 115 கிலோ மூன்று மடங்காகி 345 கிலோ ஆகிறது. அதே வளைவுகள் டிரம் இருக்கும் முனையில் இருந்தால்? பெருகுவது வெறும் 10 கிலோதான். 30-உம் 105-உம் சேர்ந்து 135 கிலோ. பைப் அதே, கேபிள் அதே. டிரம்மை எந்தப் பக்கம் இறக்கினீர்கள் என்பதில் 210 கிலோ வித்தியாசம்!

முதல் நிலையில் 1250 பவுண்டு டேப் முடிச்சோடு சுமார் 283 கிலோவுக்கே அறுந்துவிடலாம், உங்களுக்கு வேண்டியதோ 345. 2500 டேப் தாங்கும், ஆனால் கையிருப்பு குறைவு. திசையை மாற்றினால் அதே 2500 டேப்பில் நான்கு மடங்குக்கு மேல் பாதுகாப்பு இடைவெளி கிடைக்கிறது. நான்கில் ஒரு பங்கைத் தாண்டாமல் வேலை வாங்குவது என் பார்வையில் நியாயமான அளவு. செலவில்லாமல் கிடைக்கும் பலம் இது. ஆனாலும் லாரி எங்கே நிறுத்த வசதியோ அங்கேதான் டிரம் இறங்குகிறது.

அதோடு கேபிள் லூப்ரிகன்ட் பூசி உராய்வை 0.2-க்குக் கொண்டுவந்தால் 345 என்பது சுமார் 131 ஆகும், 135 என்பது சுமார் 79 ஆகும். கேபிளுக்கென்றே விற்கும், நீரில் கரையும் ஜெல்லை வாங்குங்கள். கிரீஸும் எஞ்சின் ஆயிலும் மேலுறையைக் கெடுக்கும். துணி சோப்புத் தண்ணீர் ஊற்றும் பழக்கமும் நல்லதில்லை, ஏன்னா டிடர்ஜென்ட் பட்ட பாலிஎத்திலீன் உறை அழுத்தத்தில் இருக்கும்போது நாளடைவில் வெடிப்பு விடும்.

டேப் அறுந்தால் பிரச்னை, அறாவிட்டாலும் பிரச்னையா?

ஆமாம். வெளிப்புற ஆப்டிகல் ஃபைபர் கேபிள்கள் பலவற்றுக்கு இழுவை வரம்பு 2,700 நியூட்டன், அதாவது சுமார் 275 கிலோ. 1,134 கிலோ டேப்பை வின்ச்சில் மாட்டி இழுத்தால் டேப் சிரித்துக்கொண்டே நிற்கும், உள்ளே கண்ணாடி இழை போயிருக்கும். அது அன்றைக்கே தெரியாமலும் போகலாம். மின் கேபிளில் கடத்தியைப் பிடித்து இழுக்கும்போது, அலுமினியத்துக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன், தாமிரத்துக்கு 50 நியூட்டன் என்பது தயாரிப்பாளர்களின் வழக்கமான வரம்பு. மூன்று கோர், 95 சதுர மி.மீ. அலுமினியக் கேபிளுக்கு 8,550 நியூட்டன், சுமார் 870 கிலோ. மேலுறை மீது சாக்ஸ் மாட்டி இழுத்தால் இவ்வளவு தாங்காது. உங்கள் கேபிளின் தாளில் போட்டிருக்கும் எண்தான் கடைசி வார்த்தை.

அதனால் டேப்புக்கும் கேபிளுக்கும் நடுவே சுவிவல் கட்டாயம். கேபிள் முறுக்கிக்கொள்ளாமல் அது சுழன்று கொடுக்கும். குறிப்பிட்ட இழுவையில் தானே உடைந்து கேபிளைக் காப்பாற்றும் சுவிவலும் உண்டு. ஃபைபர் வேலைக்கு அதை வாங்கும் காசு வீண் போகாது.

கையில் எடுப்பதற்கு முன்

டேப்பைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள். அது தோலை அறுக்கும், திடீரென வேகமெடுத்தால் விரலையும் கொண்டுபோகும். தோல் கையுறை போடுங்கள். இழுவை நடக்கும்போது டேப்பின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. சேம்பர் விளிம்பில் உரசாமல் உருளை வையுங்கள். பல நாள் மூடிக் கிடந்த ஆழமான சேம்பருக்குள் காற்றைச் சோதிக்காமல் ஆளை இறக்காதீர்கள். கழிவுநீர் கசிந்த சேம்பரில் விஷவாயு தேங்கியிருக்கலாம்.

பாலியஸ்டர் மின்சாரம் கடத்தாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கிறது. காய்ந்த, சுத்தமான டேப்பைப் பற்றிய பேச்சு அது. ஈரமும் சேறும் பட்ட டேப் கடத்தும். மழைக்குப் பிறகு லைன் மீது சாய்ந்த கிளையில் டேப்பை வீசி இழுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். மைசூருவில் மின் விநியோகம் சாமுண்டேஸ்வரி மின் விநியோகக் கழகத்தின் பொறுப்பு, புகார் எண் 1912. அதேபோல இந்த டேப் ஆளையோ சுமையையோ தூக்குவதற்கானது இல்லை. தண்ணீர் டேங்கை மாடிக்கு ஏற்ற வேறு கயிறு பாருங்கள்.

புதிதாகப் பள்ளம் தோண்டுவதாக இருந்தால், 2023 மார்ச்சில் மத்திய அரசு தொடங்கிய 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியில் முதலில் தகவல் கொடுங்கள். கீழே யாருடைய கேபிள், யாருடைய குழாய் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேறு சுலப வழி இல்லை.

டேப்பை பைப்புக்குள் எப்படி நுழைப்பது?

நீளமான பைப்புக்கு ராடர் இருக்கிறது. வீட்டு அளவு வேலைக்கு ஒரு தந்திரம்: மெல்லிய நூலில் சின்ன பிளாஸ்டிக் பையைக் கட்டி, மறுமுனையில் வேக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சுங்கள். நூல் வந்துவிடும், நூலில் டேப்பைக் கட்டி இழுக்கலாம். பைப்பில் தண்ணீர் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

டேப்பில் வரிசையாக அச்சிட்ட நீள எண்கள் இருக்கும், பலரும் கண்டுகொள்வதில்லை. டேப் உள்ளே போனதும் இரு முனையிலும் உள்ள எண்களைக் கழித்தால் பைப்பின் உண்மையான நீளம் கிடைக்கும். சாலைமேல் அளந்த நீளத்தை நம்பி கேபிள் வெட்டினால் ஆழமும் வளைவும் சேர்ந்து காலை வாரிவிடும். எண்கள் அடியிலா மீட்டரிலா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய டேப்பைத் திரும்பப் பயன்படுத்தலாமா? பிசிறு, உராய்வில் பளபளத்த இடம், விறைப்பு, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அளவெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் வெயிலில் கிடந்ததையும் அப்படியே ஒதுக்குங்கள். ஈர சிமென்ட்டும் சுண்ணாம்பும் காரம், பாலியஸ்டரை அரிக்கும், எனவே கட்டுமான இடத்தில் கலவை பட்ட டேப்பில் வின்ச் மாட்ட வேண்டாம். கேபிள் ஏற்கனவே ஓடும் பைப்பில் இன்னொன்றை இழுக்கும்போது உலர்ந்த டேப் பழைய கேபிளின் உறையை அறுக்கலாம். அங்கே லூப்ரிகன்ட் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கேபிளோடு சேர்த்து புது டேப் ஒன்றையும் உள்ளே இழுத்து விட்டுவிட்டால் அடுத்த முறை ராடர் வேலை மிச்சம். இரு முனையையும் சேம்பருக்குள் கட்டி, எந்தச் சேம்பரிலிருந்து எந்தச் சேம்பருக்கு என்று அழியாத மையில் எழுதி அட்டை கட்டுங்கள்.