ஆறு கூலியாட்களும் ஒரு சீர்திருத்த அரசும்

1834ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் திகதி விடியற்காலை. இங்கிலாந்தின் தென்மேற்கே டோர்செட் பகுதியிலுள்ள டொல்படில் என்ற சிறு கிராமத்தில் ஆறு கமத்தொழிலாளர் கைது செய்யப்பட்டனர். விலங்கிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. கூப்பிட்டவுடன், வேலைக்குப் புறப்பட்ட கோலத்திலேயே, காவலருடன் ஏழு மைல் தூரம் நடந்து டோர்செஸ்டர் நகருக்குச் சென்றார்கள். ஜோர்ஜ் லவ்லெஸ், அவரது தம்பி ஜேம்ஸ் லவ்லெஸ், மைத்துனர் தோமஸ் ஸ்டான்ட்பீல்ட், அவரது மகன் ஜோன், ஜேம்ஸ் பிரைன், ஜேம்ஸ் ஹம்மெட் என்பன அவர்களது பெயர்கள். மார்ச் மாதத்தில் அவர்களுக்கு ஏழு ஆண்டுகள் நாடு கடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவுக்குக் கைதிக் கப்பல்களில் அனுப்பப்பட்டார்கள்.

அவர்கள் எவரையும் அடிக்கவில்லை. எதற்கும் தீ வைக்கவில்லை. வேலைநிறுத்தம் கூடச் செய்யவில்லை. ஒரு சங்கம் அமைத்தார்கள், அவ்வளவுதான்.

இந்தத் தண்டனைக்குத் துணைநின்ற அரசு எது என்பதே இக்கட்டுரையின் விடயம். அது ஒரு கொடுங்கோல் அரசு அல்ல. இங்கிலாந்தின் வரலாற்று நூல்கள் இன்றும் 'சீர்திருத்த அரசு' எனப் போற்றும் விக் கட்சியின் அரசு அது. 1832இல் பாராளுமன்றச் சீர்திருத்தச் சட்டம் அதனுடையது. 1833இல் அடிமை முறையை ஒழித்த சட்டமும், நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குக் குறைந்த சிறுவரை வேலைக்கமர்த்துவதைத் தடுத்த சட்டமும் அதனுடையவையே. கடல் கடந்த கரும்புத் தோட்டத்து அடிமையின் துயரைக் கண்ட கண்கள், தமது நாட்டுக் கிராமத்துக் கூலியாளின் துயரை ஏன் காணவில்லை?

தரவையை இழந்தவர்கள்

இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பழைய இங்கிலாந்துக் கிராமத்தில் பொது மேய்ச்சல் தரவை இருந்தது. காணியில்லாதவனும் அதில் ஒரு மாட்டையோ சில வாத்துகளையோ விட்டு வளர்க்கலாம், விறகு பொறுக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகப் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஆயிரக்கணக்கான சட்டங்களின் வாயிலாக இத்தரவைகள் வேலியடைக்கப்பட்டுத் தனியார் உடைமையாயின. அந்தப் பாராளுமன்றத்தில் இருந்தவர்களே நிலவுடைமையாளர்தாம் என்பதை மறக்கலாகாது. விளைச்சல் பெருகியது உண்மை. ஆனால் தரவையை நம்பி வாழ்ந்தவன் முழுக்க முழுக்கக் கூலியை நம்பி வாழ்பவன் ஆனான்.

மாரிகாலத்தில் அவனுக்கு எஞ்சியிருந்த ஒரே வேலை சூடடிப்பு. கையால் தானியத்தை அடித்துப் பிரிக்கும் அந்த வேலைக்கும் இயந்திரம் வந்தது. 1830இல் கென்ட் பகுதியில் தொடங்கி, தென் இங்கிலாந்து முழுவதும் கூலியாட்கள் சூடடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். வைக்கோற் போர்களைக் கொளுத்தினார்கள். 'கப்டன் சுவிங்' என்ற கற்பனைத் தலைவனின் பெயரில் மிரட்டற் கடிதங்கள் பறந்தன. அவர்கள் ஓர் உயிரையும் பறிக்கவில்லை. எனினும் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ ஐந்நூறு பேர் நாடு கடத்தப்பட்டனர். அப்பொழுது உள்நாட்டு அமைச்சராக இருந்தவர் மெல்பேர்ண் பிரபு. டொல்படில் வழக்கின் போதும் அப்பதவியில் இருந்தவர் அவரேதான்.

இருவேறு சீர்திருத்தக்காரர்

அக்கால இங்கிலாந்தில் மாற்றம் வேண்டியவர்கள் ஒரே குழுவினர் அல்லர். 'றடிக்கல்' எனப்பட்டோர் ஒரு பிரிவினர். வேர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது இப்பெயர். இதனைத் 'தீவிரவாதி' எனத் தமிழாக்கினால் எமது நாட்டில் வேறொரு காட்சியே மனக்கண்ணில் தோன்றும். ஆகவே 'வேர்வரை செல்வோர்' என்று வைத்துக்கொள்வோம். 1792இல் வெளிவந்த 'மனிதனின் உரிமைகள்' இரண்டாம் பாகத்தில் தோமஸ் பெயின், ஐம்பது வயதைக் கடந்த வறியவருக்கு ஆண்டுக்கு ஆறு பவுணும், அறுபதைக் கடந்தவருக்குப் பத்துப் பவுணும் அரசு கொடுக்க வேண்டும் என்றும், அது பிச்சையல்ல, உரிமை என்றும் வாதிட்டார். 1819 ஓகஸ்ட் 16இல் மான்செஸ்டர் நகரின் புனித பேதுரு திடலில் வாக்குரிமை கேட்டு அறுபதினாயிரம் பேரளவில் அமைதியாகக் கூடியபோது, குதிரைப்படையினர் வாளுடன் கூட்டத்துள் புகுந்து பதினைந்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். பீற்றர்லூ என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள்.

மற்றப் பிரிவினர் தாராளவாதிகள். படித்தவர்கள், நல்லெண்ணம் கொண்டவர்கள், புள்ளிவிபரமும் ஆணைக்குழு அறிக்கையும் அவர்களது கருவிகள். ஜெரமி பெந்தாம் என்னும் அறிஞரின் மாணாக்கர் பலர் இவர்களுள் இருந்தனர். எமது நாட்டுக்கும் இவர்கள் வந்தார்கள். கோல்புறூக்குடன் ஆணையாளராக வந்த சார்ள்ஸ் ஹே கமரன், பெந்தாமின் வழி நின்றவர். 1832இல் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் இங்கு ஒழிக்கப்பட்டதில் அச்சிந்தனைக்குப் பங்குண்டு. நன்மைதான். ஆனால் அடித்தட்டு மக்களிடம் கேட்டு எழுதப்பட்ட அறிக்கையல்ல அது.

தாராளவாதிகளின் எல்லை எதுவென 1832ஆம் ஆண்டின் சட்டமே காட்டிவிட்டது. நகரங்களில் ஆண்டுக்குப் பத்துப் பவுண் பெறுமதியுள்ள வீட்டில் வாழும் ஆண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. வீதியில் இறங்கிச் சீர்திருத்தத்துக்காகக் குரல் கொடுத்த தொழிலாளரோ வெளியே விடப்பட்டனர். கமத்தொழிலாளரைப் பற்றிப் பேச்சே இல்லை. அடிமை ஒழிப்பிலும் இரண்டு கோடி பவுண் நட்டஈடு எசமானருக்கே போனது. அடிமையாயிருந்தவனுக்கு ஒரு பென்னியும் இல்லை.

1834இன் புதிய வறியோர் சட்டம் இன்னும் தெளிவானது. உடலுறுதியுள்ள வறியவருக்கு வீட்டில் வைத்து உதவி கொடுக்கலாகாது. உதவி வேண்டுமானால் 'வேலை இல்லம்' என்ற விடுதிக்குள் வர வேண்டும். அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறொரு பக்கம். வெளியே உழைக்கும் மிகத் தாழ்ந்த கூலியாளின் நிலையைவிட உள்ளே இருப்பவனின் நிலை மோசமாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் தத்துவம். வெளியிலிருப்பவனே அரைவயிறு உண்ணும் நாட்டில், உள்ளிருப்பவனை எவ்வளவுக்குத் தாழ்த்துவது? வில்லியம் கொபெட் பாராளுமன்றத்தில் இச்சட்டத்தை எதிர்த்தார். ஏழைகளுக்குரிய உதவி அவர்களது பழைய உரிமை என்பது அவரது வாதம். அவர் கலப்பை பிடித்து வளர்ந்தவர்.

ஒரு சிலிங்கும் ஒரு பென்னியும்

டொல்படிலில் வாரக் கூலி ஒன்பது சிலிங்காக இருந்து எட்டாகி, பின்னர் ஏழாகி, இனி ஆறுதான் என்ற நிலைக்கு வந்திருந்தது. ஜோர்ஜ் லவ்லெஸ் மெதடிஸ்த சபையின் பொதுநிலைப் போதகர்; தானாகவே வாசித்துத் தேறிய கூலியாள். கமக்காரரோடு பேச்சுவார்த்தை நடந்தது. அயலூர்களில் கொடுக்கும் கூலி உங்களுக்கும் கிடைக்கும் என்ற வாக்குறுதிக்கு ஊரின் அங்கிலிக்கன் பங்குக் குரு சாட்சியாக நின்றார் என்றும், கமக்காரர் வாக்கு மாறியபோது அப்படியொன்றும் தாம் சொல்லவில்லையென அவர் மறுத்துவிட்டார் என்றும் லவ்லெஸ் பின்னர் எழுதினார். அந்தக் குருவின் தசமபாகம் கமக்காரரின் களஞ்சியத்திலிருந்து வந்தது. என் போன்ற குருமார் இந்த இடத்தை வேகமாகக் கடந்து செல்ல விரும்பக் கூடும். ஆனால் எமது உணவு யாருடைய களஞ்சியத்திலிருந்து வருகிறது என்ற வினா எக்காலத்துக்கும் உரியது.

1833இல் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். சேர்வதற்கு ஒரு சிலிங்; பின்னர் வாரந்தோறும் ஒரு பென்னி. சேருபவரின் கண்ணைக் கட்டி, எலும்புக்கூட்டுப் படமொன்றின் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலர் வாழும் ஊரில், காட்டிக்கொடுப்போரும் உள்ள ஊரில், அச்சத்தியமே அவர்களது உறுதிப்பத்திரம்.

தொழிற்சங்கம் அமைப்பது அப்பொழுது குற்றமல்ல; 1824இலேயே அந்தத் தடை நீக்கப்பட்டிருந்தது. ஆகவே ஜேம்ஸ் பிராம்ப்டன் என்ற நிலப்பிரபுவான நீதவான் வேறு வழி தேடினார். 1797இல் கடற்படைக் கலகத்தை அடக்க இயற்றப்பட்ட சட்டவிரோதப் பிரமாணச் சட்டம் தேடியெடுக்கப்பட்டது. மெல்பேர்ண் பிரபு ஒப்புதல் அளித்தார். இரகசியப் பிரமாணம் எடுக்கும் வழக்கம் கூலியாட்களிடம் மட்டும் இருந்ததா? அரசனின் சகோதரரான கம்பர்லாந்துப் பிரபு தலைமை தாங்கிய ஒரேஞ்ச் சங்கத்தினரை எவரும் கப்பலேற்றவில்லை.

1834 ஏப்ரல் 21இல் இலண்டனில் பல்லாயிரம் தொழிலாளர் ஊர்வலமாக வந்து இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களுடன் மனுவைக் கொண்டுசென்றனர். மெல்பேர்ண் அதனை ஏற்க மறுத்தார். ஆனால் ஊர்வலத்தில் ஒரு குழப்பமும் நேராதது ஆட்சியாளரைச் சிந்திக்க வைத்தது. 'லான்செட்' மருத்துவ இதழை நிறுவியவரும் றடிக்கல் உறுப்பினருமான தோமஸ் வேக்லி பாராளுமன்றத்தில் விடாமல் வாதாடினார். புதிய உள்நாட்டு அமைச்சர் ஜோன் ரசல் பிரபு 1836 மார்ச்சில் முழு மன்னிப்பு வழங்கச் செய்தார். இவரும் விக் கட்சியினரே. தாராளவாதிகளை முற்றாகத் தள்ளிவிட முடியாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. கீழிருந்து தள்ளினால் அவர்கள் அசைவார்கள்.

லவ்லெஸ் 1837இல் ஊர் திரும்பினார். 'விக் ஆட்சியின் பலிகள்' என்று தலைப்பிட்டுத் தமது கதையை எழுதினார். ஆறு பேரில் ஐவர் பின்னர் கனடாவில் குடியேறினார்கள். கடைசியாகத் திரும்பிய ஹம்மெட் மட்டும் டொல்படிலிலேயே தங்கிவிட்டார்.

பன்றி அடிக்கும் பலகை மேல்

இதன் பின்னர் கிராமம் நீண்டகாலம் அடங்கிக் கிடந்தது. 1838இன் மக்கள் சாசனத்துக்காக இலட்சக்கணக்கானோர் கையொப்பமிட்டபோதும் அவ்வியக்கத்தின் பலம் ஆலை நகரங்களிலேயே இருந்தது. கமத்தொழிலாளன் எசமானின் வீட்டில் குடியிருந்தான். வாய் திறந்தால் வேலையோடு கூரையும் போய்விடும்.

1872 பெப்ரவரி 7ஆம் திகதி மாலை, வோரிக்ஷயரின் வெல்ஸ்போர்ன் கிராமத்தில் ஒரு செஸ்ட்நட் மரத்தடியில் கூட்டம் ஒன்று. சில டசின் பேரையே எதிர்பார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருட்டில் நடந்து வந்தார்கள். அவரைக் கொடிக்கு ஊன்றும் கம்புகளில் விளக்குகளைத் தொங்கவிட்டு, பன்றி அடிக்கும் பலகையொன்றின் மேலேறி ஜோசப் ஆர்ச் பேசினார். இவரும் ஒரு மெதடிஸ்த போதகர். வேலி கத்தரிப்பதில் பேர்பெற்ற தொழிலாளி. சிறுவனாக இருந்தபோது ஆலயக் கதவின் சாவித்துளையூடாக அவர் கண்ட காட்சி அவரது சுயசரிதையில் உள்ளது: திருவிருந்துக்கு முதலில் நிலப்பிரபு போனார், பின்னர் கமக்காரர், அதன்பின் கடைக்காரர். அவரது தந்தை உள்ளிட்ட கூலியாட்கள் கடைசியில் தனியாகப் போனார்கள்.

அவ்வாண்டே தேசிய கமத்தொழிலாளர் சங்கம் உருவானது. 1874 அளவில் 86,000 உறுப்பினர். குளொஸ்டர் அங்கிலிக்கன் ஆயர், கிளர்ச்சிக்காரரை ஊர்க் குளத்தில் முக்கலாம் என்று பொருள்படப் பேசினார். கத்தோலிக்கப் பேராயர் மானிங்கோ 1872 டிசெம்பரில் இலண்டன் எக்செற்றர் மண்டபத்தில் கமத்தொழிலாளருக்கு ஆதரவாக மேடையேறினார். அவரது நண்பர்களிலேயே சிலர் முகஞ்சுளித்தார்கள்.

1874இல் கிழக்குப் பகுதிக் கமக்காரர் சங்க உறுப்பினரை வேலையிலிருந்து பூட்டி வெளியேற்றினர். சங்கத்தின் நிதி கரைந்தது, தோல்வி. உறுப்பினர் தொகை சரிந்தது. 1896 அளவில் சங்கமே மறைந்துவிட்டது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் கூலியாள் கூட்டம் நடத்தவும், கணக்கு வைக்கவும், எழுந்து பேசவும் பழகிவிட்டான். 1884இல் கிளாட்ஸ்டனின் லிபரல் அரசு கிராமத்துக் குடும்பத் தலைவர்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. மறு ஆண்டுத் தேர்தலில் ஜோசப் ஆர்ச் வடமேல் நோர்போக் தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்றார். கமத்தொழிலாளர் ஒருவர் அங்கு சென்றது அதுவே முதற் தடவை.

ஆண்கள் அனைவருக்கும் 1918இலும், பெண்களுக்கு ஆண்களோடு சமமாக 1928இலும் வாக்குரிமை வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளின் பின், 1931இல், இலங்கையில் சர்வசன வாக்குரிமை. இதனை டொனமூர் ஆணைக்குழுவின் கொடை என்றே பாடப்புத்தகங்களில் படித்தோம். அக்காலப் படித்த தலைவர்கள் பலர் அதை விரும்பவில்லை. ஆணைக்குழு முன் அதைக் கேட்டுச் சென்றவர்களுள் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தினர் முக்கியமானவர்கள்.

ஐந்து சிலிங்

ஜேம்ஸ் ஹம்மெட்டை 1875இல் ஆர்ச்சின் சங்கம் ஒரு கடிகாரம் பரிசளித்துக் கௌரவித்தது. ஆனால் முதுமையில் அவர் டோர்செஸ்டர் வேலை இல்லத்துக்கே போனார். 1834இன் அந்தச் சட்டம் கட்டிய அதே வகை இல்லம். 1891இல் அங்கே இறந்தார்.

முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1908இல் லிபரல் அரசினால் நிறைவேற்றப்பட்டது. பெயின் எழுதி 116 ஆண்டுகளின் பின். எழுபது வயதைக் கடந்தவருக்கு வாரம் ஐந்து சிலிங். அண்மையில் வறியோர் உதவி பெற்றவர்களுக்கு முதலில் அதுவும் மறுக்கப்பட்டது. 1911இல்தான் அத்தடை நீங்கியது. 1909 ஜனவரி முதலாம் திகதி தபாற் கந்தோர்களில் கொடுப்பனவு தொடங்கியது. கிராமத் தபாற் கந்தோரில் பணியாற்றிய எழுத்தாளர் புளோரா தொம்சன் அந்நாட்களைப் பதிவு செய்துள்ளார். பணத்தைக் கையில் வாங்கிய சில கிழவர்களின் கன்னத்தில் கண்ணீர் வழிந்ததாம். கருமபீடத்தில் நின்று எண்ணிக் கொடுத்த பெண்பிள்ளைக்குத் தங்கள் தோட்டத்துப் பூக்களையும், மரத்தில் பறித்த அப்பிள்களையும் கொண்டுவந்து கொடுத்தார்களாம்.