நெடுந்தீவில் ஒரு கடதாசி விமானம்

கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து விமானம் செய்யாத மாணவன் எவனும் எமது வகுப்பறைகளில் இருந்ததில்லை. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய தருணம் பார்த்துக் கடைசி வாங்கிலிருந்து புறப்படும் அவ்விமானம், இரண்டு மூன்று செக்கன் மிதந்து, பெரும்பாலும் செய்தவனைக் காட்டிக்கொடுக்கும் இடத்திலேயே வந்து விழும். நாமும் ஒரு காலத்தில் அதனைப் பறக்கவிட்டவர்கள். பின்னர் ஆசிரியத் தொழிலுக்கு வந்து அதனைப் பறிமுதல் செய்தவர்கள். ஆகவே இவ்விடயத்தில் இரு தரப்பு அனுபவமும் எமக்கு உண்டு. ஆயினும் அத்தகைய விமானமொன்று பத்து நிமிடம் வானில் நின்று, இடமென்றால் இடமும் வலமென்றால் வலமுமாகச் சொற்கேட்டுப் பறக்கும் காட்சியை எமது நாற்பதுகளிலேதான் காணக் கிடைத்தது. அதுவும் நெடுந்தீவிலே, எமது பெரியம்மாவின் வீட்டு முற்றத்திலே.

ஆவணி மாதம். கனடாவிலிருந்து பாடசாலை விடுமுறைக்கு வந்திருந்த தங்கையையும் பன்னிரண்டு வயது மருமகனையும் அழைத்துக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகேறினோம். பெரியம்மாவின் மகள்தான் அத்தங்கை. கடல் கொந்தளித்தது. பையனோ கடலையும் பாராமல், மடியில் வைத்திருந்த ஒரு சிறு பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி இருந்தான். உள்ளே என்னவென்று வினவியபோது, "விமானம், மாமா" என்றான். பெட்டியோ சாப்பாட்டுப் பெட்டியளவுகூட இல்லை.

வீடு சேர்ந்த பின் திறந்து காட்டினான். விமானம் அதில் இல்லை. விமானத்தின் உயிர்மாத்திரம் இருந்தது. கரித்தும்பினாலான மெல்லிய கம்பி ஒன்று. அதன் ஒரு முனையில், விமானத்தின் மூக்கிற் பொருந்துமாறு, லிதியம் பற்றறியும் மின்சுற்றும் அடங்கிய சிறு கூடு. மறுமுனையில், ஒரு பெரிய எறும்பளவு மோட்டாரும் அதன் விசிறியும், திசை திருப்பும் சிறு தகடும். உடலை நாமே ஒரு தாளை மடித்துச் செய்துகொள்ள வேண்டும். கூட்டுக்கும் கைத்தொலைபேசிக்கும் இடையே புளூடூத் என்னும் குறுந்தூர வானலைத் தொடர்பு. தொலைபேசியை இடப்பக்கம் சரித்தால் வாற்றகடு திரும்பி விமானம் இடப்பக்கம் வளையும். திரையில் விரலை மேலே தள்ளினால் விசிறி விரைந்து சுழல, விமானம் உயரும். கீழே இழுத்தால் இறங்கும். இவ்வளவே.

இதனை அமைத்தவர் ஷாய் கொய்ற்றெய்ன் என்ற இஸ்ரவேலர். தம் நாட்டு விமானப்படையில் விமானம் ஓட்டியவர், பின்னர் பொருள் வடிவமைப்புத் துறைக்கு வந்தவர். 'பவர்அப் 3.0' எனப் பெயரிட்டு, 2013 நவம்பரில் கிக்ஸ்ரார்ட்டர் என்னும் இணையத்தளத்தின் வாயிலாக 50,000 டொலர் முன்பணம் கேட்டார். அது சந்தா திரட்டி நூல் அச்சிடும் எமது பழைய வழக்கத்தைப் போன்றதே. மறு ஜனவரிக்குள் இருபத்தோராயிரம் பேருக்கு மேற்பட்டோர் கொடுத்த தொகை 12 இலட்சம் டொலரைத் தாண்டிவிட்டது! கடதாசி விமானத்தை மறக்காதவர்கள் உலகில் எத்தனை பேர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பின்னர் வெளிவந்த அமைப்பொன்றில் இரண்டு மோட்டார்கள் உண்டு; ஒன்று மெதுவாகவும் மற்றது விரைவாகவும் சுழல்வதனால் விமானம் திரும்புகிறது. எமது மருமகன் வைத்திருந்தது பழையது.

விளையாட்டுப் பொருள்தானே என்று இதனை ஒதுக்க வேண்டியதில்லை. 1871 இல் பாரிஸ் நகரப் பூங்காவொன்றில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர், றப்பர் நாடாவை முறுக்கி விசிறியைச் சுழலச்செய்து ஒரு சிறு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். அவர் வழிவந்த மற்றொரு விளையாட்டுப் பொருளை, மூங்கிலும் தக்கையும் கடதாசியும் கொண்டு செய்ததை, 1878 இல் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தம் இரு புதல்வர்க்கு வாங்கிக் கொடுத்தார். அப்புதல்வர்களே வில்பர், ஓர்வில் ரைற் சகோதரர். 1903 டிசெம்பர் 17 ஆம் திகதி அவர்கள் முதன்முதலிற் பறந்த தூரம் 120 அடி. நேரம் 12 செக்கன். எமது மருமகனின் தொலைபேசியோ 180 அடி வரை விமானத்தை ஆளும். மோட்டாரில்லாத வெறுந்தாளை எறிந்து 2010 இல் ஜப்பானியர் தாக்குவோ தொடா நிகழ்த்திய உலக சாதனை 29.2 செக்கன் என்பதையும் நினைத்தால், பத்து நிமிடம் என்பதன் பெருமை விளங்கும்.

"அண்ணா, உதை இஞ்சை விடலாமோ? ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினமோ?" என்று தங்கை மெல்லக் கேட்டாள். வீணான கேள்வியன்று. 2019 ஏப்பிரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை அடுத்து, இலங்கையின் வான்பரப்பில் ஆளில்லா விமானங்கள் பறப்பது தடைசெய்யப்பட்டதை நேயர்கள் அறிவர். அத்தகைய விமானங்களுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உள. இதுவோ கமராவுமில்லாத வெறுங்கடதாசி. ஆயினும் கடற்படை முகாம் இருக்கும் திசையை விட்டு, மேற்கே ஆளரவமற்ற புல்வெளிப் பக்கமாகவே பையனை அழைத்துச் சென்றோம்.

அங்கே வந்து சேர்ந்தனர் அயல்வீட்டுச் சிறுவர் மூவர். கட்டைக்குதிரைகள் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. சோளகக் காற்று செவியில் இரைந்தது. இரண்டு முறை எறிந்தும் விமானம் மூக்குக்குப்புற விழுந்தது. பையனின் முகம் சுருங்கியது. சிறுவருள் மூத்தவன் அதனைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "குத்துது, சேர். செட்டையின்ரை பின்விளிம்பை நெல்லளவு மேல வளைச்சு விடுங்கோ" என்றான். எமக்கு வியப்பு. பௌதிகம் படித்தவன் சொல்ல வேண்டிய விடை அது. பின்விளிம்பு மேனோக்கி வளைந்தால் வால் கீழே அழுத்தப்பட, மூக்கு நிமிரும் என்பது மெய்யே. இவன் அதனைப் பட்டத்திற் படித்திருக்கிறான்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பட்டத்தை ஒருவர் கற்பிக்க வேண்டியதில்லை. எந்த மூங்கிற் கீற்று எவ்வளவு வளையும், முச்சையை எங்கே கட்டினால் பட்டம் குத்தாது, வால் எத்தனை முழம், விண்ணுக்கு எந்த நார் நன்றாகக் கூவும் என்பனவெல்லாம் பத்து வயதுக்குள் கைவந்துவிடும். வல்வெட்டித்துறையின் உதயசூரியன் கடற்கரையில் தைப்பொங்கல் நாளிலே நடைபெறும் பட்டப்போட்டியைக் கண்டவர், மின்விளக்கு எரியும் பட்டங்களையும், அசையும் உருவங்களையும் கண்டு மலைத்திருப்பர். 2021 டிசெம்பரிற் பருத்தித்துறைப் பக்கத்தில் பெரும்பட்டமொன்றின் கயிற்றைப் பிடித்திருந்த இளைஞர் ஒருவரையே அப்பட்டம் மேலே தூக்கிச் சென்ற செய்தி உலகமெங்கும் பரவியது. அவர் பிழைத்தது தெய்வச் செயல்.

சிறுவன் சொன்னவாறே விளிம்பை வளைத்து மூன்றாம் முறை எறிந்தோம். விமானம் எழுந்தது, பனையளவு உயர்ந்தது, நாம் கைதட்டும் முன்னரே காற்றோடு போய்விட்டது. பையன் தொலைபேசியை எவ்வளவோ சரித்தான், பயனில்லை. தொடர்பு எட்டாத தூரத்தில் அது ஒரு பனையோலையிற் சிக்கி நின்றது.

பட்டத்துக்கும் விமானத்துக்கும் உள்ள பகை இதுவே. பட்டம், நீரோட்டத்தில் நங்கூரமிட்ட தோணி போன்றது. நூல் அதனைப் பிடித்திருப்பதனால், மோதும் காற்றெல்லாம் அதனைத் தூக்கும் விசையாகிறது. காற்று மிகுந்தால் அதற்குக் கொண்டாட்டம். விமானமோ அந்நீரோட்டத்தில் நீந்துபவன். ஓட்டத்தின் வேகம் தன் வேகத்தினும் மிகுந்தால், அவன் கரையை நோக்கி எவ்வளவு கையடித்தாலும் பின்னோக்கியே போவான். சில கிராம் நிறையுள்ள கடதாசிக்குச் சோளகத்தை எதிர்த்து வரும் வலிமை ஏது? இதனை நாம் முன்னரே எண்ணியிருக்க வேண்டும். கல்லூரியில் விஞ்ஞானம் பேசுகிறவர்கள் நாம். ஆனால், "உந்தக் காத்துக்குப் போகும் எண்டு அப்பவே நினைச்சனான், சேர்" என்றவன் அச்சிறுவன்தான். சொல்லியிருக்கலாமே என்றோம். "நீங்கள் கேக்கேல்லையே" என்றான்!

அவனே கல்லிற் கயிறு கட்டி எறிந்து ஓலையை உலுப்பி அதனை இறக்கியும் தந்தான். தாள் கிழிந்திருந்தது, கம்பிக்கும் மோட்டாருக்கும் பழுதில்லை. "விடியப்புறம் விடுங்கோ. காத்துப் படுத்திருக்கும். ஆச்சி வீட்டு மதிலும் மறைக்கும்" என்று சொல்லிப் போனான்.

மறுநாள் அதிகாலை, சூரியன் கிளம்புமுன், முருகைக்கல் மதிலுக்குள் முற்றத்திற் கூடினோம். சிறுவர் மூவரும் எமக்கு முன்னரே வந்திருந்தனர். ஒரு பனையோலை அசையவில்லை. புதுத்தாளில் மடித்த விமானம் பையனின் கையை விட்டுக் கிளம்பி, கிணற்றடியைச் சுற்றி, மாட்டுக்கொட்டிலின் மேலாக வளைந்து, மீண்டும் எம்மிடம் வந்தது. சிறுவர் ஆரவாரித்தனர். அந்த ஆரவாரம் அடங்கியபோதுதான் மோட்டாரின் ஒலி எமக்குக் கேட்டது. மெல்லிய, ஒரே சீரான ரீங்காரம்.

பெரியம்மா முற்றம் கூட்ட வந்தவர். விளக்குமாறு கையிலிருக்க, அசையாமல் நின்றார். மேலே பார்க்கவில்லை. சுவரோடு சுவராக ஒதுங்கி, வாசற்படியின் கீழே குந்திவிட்டார்.

"தம்பி, உது என்ன இரைச்சல்? வண்டோ?"

வண்டு என்றால் என்னவென்று இவ்வூர்ப் பெரியோருக்கு விளக்க வேண்டுவதில்லை, மாணவர்களுக்காகச் சொல்கிறோம். 2009 இல் முடிவுற்ற போரின் கடைசி ஆண்டுகளில், வன்னி வானில் ஆளில்லா வேவு விமானங்கள் இரவும் பகலும் வட்டமிட்டன. கண்ணுக்குத் தெரியாத உயரத்திலிருந்து ஒலிமாத்திரம் வரும். அதற்கு மக்கள் இட்ட பெயர் வண்டு. வண்டு சுற்றினால் பின்னால் ஷெல்லோ குண்டுவீச்சு விமானமோ வரும் என்பது அனுபவம். தீவகத்து மக்கள் 1990 இலும் 1991 இலும் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது நெடுந்தீவை விட்டுப் போன பெரியம்மா, வன்னியிலே பதுங்குகுழிகளில் அவ்வொலியைக் கேட்டிருந்தவர். போர் முடிந்த பின்னரே இவ்வீட்டுக்கு மீண்டார். பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அவரது உடல் அதனை மறக்கவில்லை.

"நிப்பாட்டு, தம்பி" என்றோம். பையன் காரணம் அறியான். ஆயினும் எமது குரலைக் கேட்டு விரலைக் கீழே இழுத்தான். விசிறி நின்றது. ஒலியற்ற விமானம் இருமுறை சரிந்து மிதந்து, பெரியம்மாவின் காலடிக்கு நாலு முழத்தில் வந்து இறங்கியது.

அவர் அதனை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து எடுத்தார். புரட்டினார். பையனின் சித்திரக் கொப்பித் தாள் அது. செட்டையில் அரைகுறையாக ஒரு குதிரை வரைந்திருந்தது.

"கடதாசியோ?"

"ஓம், பெரியம்மா. பிள்ளை விடுறான்."

"பாரமே இல்லை" என்றார். மோட்டாரை விரலால் தொட்டார். பையன் அருகே வந்து, "அம்மம்மா, பயந்திட்டீங்களா?" என்றான். எமது தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியம்மா அவனுக்கு விடை சொல்லவில்லை. விமானத்தை அவன் கையிற் கொடுத்து, "விடு, மோனை. நான் பாக்கிறன்" என்றார்.

அவன் தயங்கி எம்மைப் பார்த்தான். நாம் தலையசைத்தோம். மறுபடியும் ரீங்காரம் எழுந்தது. பெரியம்மா வாசற்படியில் அமர்ந்து, பற்றறி தீரும்வரை, தலையை உயர்த்தியே இருந்தார். விளக்குமாற்றை மாத்திரம் கீழே வைக்கவில்லை.

புறப்படும் நாளன்று பையன் அப்பெட்டியை அயல்வீட்டுச் சிறுவனிடமே விட்டுவந்தான். அவனது தமையனின் தொலைபேசியில் உரிய செயலியை ஏற்றிக்கொடுக்கும் பணி எமக்கு வந்தது; அதில் நாம் பட்ட பாட்டை இங்கே விரிக்கவில்லை. தைப்பொங்கலையொட்டி அவனோடு தொலைபேசியிற் பேசியபோது, விமானம் எப்படி என்று விசாரித்தோம். கலண்டர்த் தாளில் புதிதாகச் செய்திருக்கிறானாம், பறக்கவிடவில்லையாம். இப்போது வாடைக் காற்று, பட்டத்தின் காலம். பங்குனியில் காற்று விழுந்ததும் விடலாம் என்று வைத்திருக்கிறான். "ஆச்சியும் ரெண்டு தரம் கேட்டவ, சேர்" என்றான்.