ஒரே ஒரு வித்தைக்காரர்!

குட்டீஸ்! உங்கள் வகுப்பிலிருந்து பள்ளி அணிக்கு ஐந்து பேரைத் தேர்வு செய்கிறார்கள். மூன்றாவது ரேங்க் வாங்கிய மாணவனை விட்டுவிட்டு, கணக்கில் மட்டும் 'சென்டம்' வாங்குகிறவனைச் சேர்த்தால் சும்மா இருப்பீர்களா? "இது அநியாயம், சார்!" என்று கத்த மாட்டீர்கள்?

2024-ல் அமெரிக்காவில் இப்படித்தான் நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியைத் தேர்வு செய்யும் போட்டி மினியாபொலிஸ் நகரில் நடந்தது. அதில் ஒட்டுமொத்தமாக மூன்றாம் இடம் பிடித்தவர் ஷேன் விஸ்கஸ். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய அனுபவசாலி. ஆனால், அவருக்குக் கிடைத்தது 'ரிசர்வ்' இடம்தான்! அணியில் சேர்ந்தவர் ஸ்டீபன் நெடோரோசிக். இவருக்குத் தெரிந்தது 'பாமல் ஹார்ஸ்' மட்டுமே.

அது என்ன குதிரை? தோல் போர்த்திய நீளமான திண்டு. மேலே இரண்டு கைப்பிடிகள். கைகளை மட்டும் ஊன்றி, கால்கள் எதிலும் படாமல் உடம்பைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்கர்கள் பல ஆண்டுகளாகத் தடுமாறியது இந்தக் குதிரையிடம்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆண்களுக்கு மொத்தம் ஆறு கருவிகள். அணிகளுக்கான இறுதிப் போட்டியில் ஒவ்வொரு கருவியிலும் மூன்று பேர் இறங்குவார்கள். மூவரின் மார்க்கும் சேரும். மற்ற கருவிகளில் 14 மார்க் எடுக்க ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். நான்காவதாக ஒருவர் 14 எடுத்து என்ன லாபம்? அவர் களத்தில் இறங்கவே முடியாதே! குதிரையில் 13-க்குப் பதில் 15 எடுப்பவர் வந்தால் அணிக்கு 2 மார்க் கூடும். விஸ்கஸ் பாவம்தான். ஆனாலும் கணக்கு அப்படிச் சொல்கிறது.

2012, 2016, டோக்கியோ... மூன்று ஒலிம்பிக்கிலும் அமெரிக்க ஆண்கள் அணிக்கு ஐந்தாம் இடமே கிடைத்தது. கடைசியாகப் பதக்கம் வாங்கியது 2008-ல்!

2024 ஜூலை 29. இறுதிப் போட்டி. அமெரிக்காவுக்குக் கடைசிக் கருவி பாமல் ஹார்ஸ். அதிலும் கடைசி ஆள் ஸ்டீபன்! இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார். பிறவியிலேயே அவருக்குக் கண்ணில் குறை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். "பார்த்துச் செய்வதில்லை, கைகளால் உணர்ந்து செய்கிறேன்" என்பாராம்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 14.866!

அமெரிக்காவுக்கு மொத்தம் 257.793. ஜப்பான் தங்கம், சீனா வெள்ளி, அமெரிக்கா வெண்கலம். நான்காவது வந்த பிரிட்டன் 255.527. கழித்துப் பாருங்கள்... ஸ்டீபன் 12.6-க்குச் சற்று மேல் எடுத்திருந்தாலே வெண்கலம் உறுதியாகியிருக்கும். மற்ற நால்வரும் அவ்வளவு நன்றாக ஆடி வைத்திருந்தார்கள். இதையும் சொல்லத்தானே வேண்டும்?

அன்று அமெரிக்க அணி செய்த 18 பயிற்சிகளில் ஸ்டீபன் செய்தது ஒன்றே ஒன்று. ஐந்து நாள் கழித்து, குதிரைக்கான தனிநபர் போட்டியிலும் ஏறினார். 15.300 மார்க், இன்னொரு வெண்கலம்!