காலையில் போய் மாலையில் திரும்பும் இடம்

“அப்பாவை முதியோர் இல்லத்தில் விடப் போறியா?” மறதிநோய் உள்ள பெரியவர்களுக்கான டே கேர் என்று வாயெடுத்தாலே வீட்டில் எழும் கேள்வி இது. விஷயம் வேறு. காலையில் போனவர் மாலையில் வீடு திரும்பிவிடுவார். ராத்திரிச் சாப்பாடும் படுக்கையும் நம் வீட்டில்தான்.

டிமென்ஷியா என்னும் மறதிநோய் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துடைப்பதில்லை. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது முதலில் போகும். நாற்பது வருடம் செய்த கைவேலை வெகுகாலம் தாக்குப்பிடிக்கும். மகள் பெயர் வராத அம்மாவின் விரல்கள் மல்லிகைச் சரம் தொடுக்கும். நல்ல டே கேர் மையங்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான்: பூத்தொடுப்பு, கீரை ஆய்வது, பல்லாங்குழி, பழைய பாட்டு. வெறும் பொழுதுபோக்கு போலத் தெரியும். ஆனால் பகலெல்லாம் நாற்காலியில் தூங்கிவழிபவர் நடுராத்திரியில் எழுந்து வாசல் கதவைத் திறக்கப் பார்ப்பார். பகல் நிரம்பினால் இரவு அடங்க வாய்ப்புண்டு. (பெரியவர்களிடம் மழலை பேசும் மையமாக இருந்தால் நான் வேறிடம் தேடுவேன்.)

வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு என்ன பலன்? பல் வலிக்கு டாக்டரிடம் போகக்கூட வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப முடியாதவர் அவர்; பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஜாரிட் குழுவினர் இப்படிப்பட்டவர்களின் உமிழ்நீரைப் பரிசோதித்தார்கள். மன அழுத்தத்தின் பாதிப்பிலிருந்து உடலைக் காப்பதாகக் கருதப்படும் ஒரு ஹார்மோன், மையத்துக்கு அனுப்பியதற்கு மறுநாள் கூடியிருந்தது. ஓய்வு மனதோடு நிற்காமல் உடம்பிலும் பதிகிறது.

இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, அதாவது 7.4 சதவீதத்தினருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இவர்களுக்கென ஒரு தேசிய சங்கம் 1992இல் கேரளத்தில் தொடங்கியது. ஆனாலும் பக்கத்துத் தெருவில் ஒரு மையம் கிடைப்பது இன்றும் அதிர்ஷ்டம்தான்.

கிடைத்தால், வாரம் இரண்டு அரைநாள் என்று ஆரம்பியுங்கள். முதல் சில நாட்கள் “வீட்டுக்குப் போகணும்” என்பார். அதற்காக உடனே நிறுத்திவிட வேண்டாம். வேன் உண்டா, கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவார், கேட் பூட்டியிருக்குமா என்று கேளுங்கள். அவரைப் பற்றியும் சொல்லி வையுங்கள்: காபிக்கு எவ்வளவு சர்க்கரை, என்ன வேலை பார்த்தார். வாத்தியாராக இருந்தவர் ‘தாத்தா’ என்றால் திரும்பமாட்டார். ‘சார்’ என்றால் நிமிர்ந்து பார்ப்பார்.