வளையும் தந்தி

ராக் கிட்டார் வாசிப்பு ரசிகர் மனத்தில் நிற்க வேகம் மட்டும் போதாது. சுரத்தை வளைக்கத் தெரிய வேண்டும். அழுத்திய தந்தியைப் பக்கவாட்டில் தள்ளினால் இழுவிசை கூடிச் சுரம் உயரும். விரலை மெல்ல அசைத்தால் ஒலி மனிதக் குரலைப்போல் நடுங்கும். வீணையில் கமகம் எனும் சுர அசைவு பிறப்பதும் ஏறத்தாழ இப்படித்தான்.

மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவில் மின்கிட்டாரை இடியாய் முழக்கிய ஜான் மெக்லாஃப்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பின்னர் இந்திய இசைக் கலைஞர்களோடு ‘சக்தி’ குழுவில் வாசிக்க கிப்சன் நிறுவனம் அவருக்கென்றே ஒரு கிட்டார் செய்தது. அதன் கழுத்தில் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கியதால் விரல் தடையின்றித் தந்தியை இழுத்தது. கமகம் கைக்கு வந்தது. குறுக்கே கட்டிய 7 துணைத் தந்திகள் தாமாக அதிர்ந்து கார்வை கூட்டின.

1975 ஜூலையில் பதிவான ‘சக்தி’யின் முதல் இசைத்தட்டில் மிருதங்கம் வாசித்தவர் ராம்நாட் ராகவன். சேதுச் சீமையான ராமநாதபுரத்தின் பெயரைத் தாங்கிய அவரது கைகளும், விக்கு விநாயக்ராமின் கடமும், ஜாகிர் உசேனின் தபேலாவும் தாளத்தை நடத்த, கிட்டார் சொற்கட்டுக்குச் சொற்கட்டு பதில் சொன்னது. அதன் பாய்ச்சல்கள் எல்லாம் தாளத்தின் தொடக்கமான சமத்தில் வந்து இறங்கும் இடம்தான் மயிர்க்கூச்செறிய வைக்கிறது.